சைகோனுக்கு மேலே: லாவோஸ் நகரங்களில் ஒரு புதுச்சேரிக்காரன்

உழவர்கரையில் பழைய பிரெஞ்சு பென்ஷன் குடும்பம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "தாத்தா சைகோன்ல இருந்தாரு." ஹனோயில் போலீஸ் வேலை பார்த்தவரும் சைகோன், புனோம் பென்னில் வரி வசூலித்தவரும் சைகோன். நம்ம ஊர்ப் பேச்சில் சைகோன் என்பது ஒரு நகரத்தின் பெயரே இல்லை. கிழக்கே கப்பல் ஏறிப் போன எல்லோருக்கும் அது ஒரு திசை.

பிரெஞ்சு இந்தோசீனாவில் ஐந்து பகுதிகள் இருந்தன: கொச்சின்சீனா, அன்னாம், தோன்கின், கம்போடியா, லாவோஸ். முதல் நான்கைப் பற்றியும் புதுச்சேரியில் ஏதோ ஒரு குடும்பக் கதை கிடைக்கும். ஐந்தாவதைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் "அது எங்க இருக்கு?" என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள். தென்கிழக்கு ஆசியாவில் கடலே இல்லாத ஒரே நாடு லாவோஸ். பரப்பு 2,36,800 சதுர கி.மீ., அதில் பெரும்பகுதி மலை. வியட்நாம், தாய்லாந்து என்று போகிற நம்ம ஆட்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மழை விட்ட மாதங்களில் பதினெட்டு நாள் ஒதுக்கி, தெற்கிலிருந்து வடக்காக அதன் ஐந்து ஊர்களுக்குப் போய் வந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் மீகாங் ஆற்றை எதிர்த்து ஏறிய அதே வரிசை. இது எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம் என்று சொல்லும் பயணக் குறிப்பு அல்ல. இரண்டு கேள்விகளோடு போனேன். சைகோன் வரை அத்தனை பேர் போன நம்ம ஊர், ஏன் அதற்கு மேலே போகவில்லை? போன சிலர் எங்கே மறைந்தார்கள்?

பாக்சே: ஆறு முடிகிற இடம்

பாங்காக் போய், அங்கிருந்து உபோன் வழியாகத் தரை எல்லையைக் கடந்தால் பாக்சே. சே தோன் என்ற சிற்றாறு மீகாங்கில் கலக்கிற முகத்துவாரம். பெயருக்கே அதுதான் பொருள். 1905-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்துக்காக அமைத்த ஊர். கொஞ்சம் பழைய மஞ்சள் கட்டடங்கள், பெரிய சந்தை, சாயங்காலம் ஆற்றங்கரையில் கடைகள். அவ்வளவுதான்.

நம்ம கேள்விக்கான முதல் விடை பாக்சேக்குத் தெற்கே, கம்போடிய எல்லையை ஒட்டி இருக்கிறது. அங்கே மீகாங் பல கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து, தீவுகளாகப் பிரிந்து, கோன் என்ற அருவித்தொடராக விழுகிறது. உயரம் பெரிதில்லை, இருபது மீட்டர் அளவுதான். ஆனால் அகலமும் நீரின் வேகமும் சேர்ந்து எந்தப் படகையும் ஏறவிடாது.

பிரெஞ்சுக்காரர்கள் 1859-ல் சைகோனைப் பிடித்தபோது மீகாங்கைச் சீனாவுக்குப் போகிற ராஜபாட்டையாகக் கனவு கண்டார்கள். அதை நேரில் பார்க்க 1866 ஜூனில் துதார் தெ லக்ரே தலைமையில் ஒரு குழு சைகோனிலிருந்து கிளம்பியது. பிரான்சிஸ் கார்னியே அதில் இரண்டாம் நிலைத் தலைவர். சில வாரங்களிலேயே கோன் அருவி அவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிட்டது. இது கப்பல் போகிற ஆறு இல்லை. லக்ரே 1868-ல் சீனாவின் யுன்னானில் நோயால் இறந்தார். ஆனாலும் கனவு சாகவில்லை.

1893-ல் சயாமிடமிருந்து மீகாங்கின் இடது கரையைப் பிரான்ஸ் வாங்கியது. உடனே, பீரங்கிப் படகுகளைப் பிரித்து, தோன் கோன் தீவில் தண்டவாளம் போட்டு, அருவியைச் சுற்றித் தூக்கிப்போனார்கள். பிறகு பக்கத்துத் தோன் தெத் தீவுக்குப் பாலம் கட்டிப் பாதையை நீட்டினார்கள். மொத்தம் சுமார் 7 கி.மீ. பல பத்தாண்டுகளுக்கு லாவோஸின் ஒரே ரயில்பாதை அதுதான். பாலம் இன்றும் நிற்கிறது. அதன்மேல் சைக்கிள் விட்டேன். துருப்பிடித்த எஞ்சின் ஒன்றை ஓரமாகக் கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படித் தூக்கிப்போன படகுகளில் ஒன்றான 'லா கிராந்தியேர்' 1895-ல் லுவாங் பிரபாங் வரை போய்ச் சேர்ந்தது. 1910-ல் அந்த ஊருக்குப் பக்கத்திலேயே மூழ்கியது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், புதுச்சேரிக்காரர்களின் இந்தோசீனா முழுவதும் கப்பல் போகிற இடங்களால் ஆனது. கப்பல் நிறுவன வேலை, துறைமுகச் சுங்கம், கலங்கரை விளக்கம், சந்தை வரி, சிறைக் காவல், தபால், நீதிமன்றம். சரக்கு இறங்குகிற ஊரில்தான் இந்த வேலைகள் இருக்கும். சைகோனிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு ஆற்றுவழியே போகிற நேரத்தைவிட, சைகோனிலிருந்து பிரான்சுக்குக் கப்பலில் போகிற நேரம் குறைவு என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு வரி வசூலிக்க யாரை அனுப்புவது?

ஆனால் வரி இருந்தது. பாக்சேக்குக் கிழக்கே போலோவன் பீடபூமி, இன்று காப்பிக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள மலைமக்கள் பிரெஞ்சு வரிக்கும் கட்டாய உழைப்புக்கும் எதிராக 1901-ல் ஓங் கேவ் தலைமையில் கிளம்பினார்கள். அவர் 1910-ல் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் கோமதாம் என்பவர் 1936 வரை எதிர்த்து நின்றார். "லாவோஸ் தூங்கிக்கொண்டிருந்த காலனி" என்று எழுதுகிறவர்கள் இந்த முப்பத்தைந்து வருடத்தை மறந்துவிடுகிறார்கள்.

பாக்சேக்கு வந்தால் வாட் பூவைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. சம்பாசாக் ஊரை ஒட்டிய மலையடிவாரத்தில் கெமர் காலத்துச் சிவன் கோயில். மலையுச்சியில் இயற்கையாகவே லிங்கம்போல ஒரு பாறை. அதனால் மலைக்குப் பழைய பெயர் லிங்கபர்வதம். பாறையிலிருந்து ஊறுகிற நீரை வாய்க்கால் வழியே கொண்டுவந்து கருவறை லிங்கத்துக்கு அபிஷேகம் ஆகும்படி அமைத்திருக்கிறார்கள். பக்கத்தில் கிடைத்த 5-ஆம் நூற்றாண்டு சமஸ்கிருதக் கல்வெட்டில் தேவானீகன் என்ற அரசன் குருக்ஷேத்திரம் என்ற பெயரில் தீர்த்தம் அமைத்த செய்தி இருக்கிறது. 2001-ல் உலக மரபுச் சின்னமானது. நம்ம தொல்லியல் துறை அங்கே பல வருடங்களாகப் புனரமைப்பு வேலை செய்கிறது. கடல் இல்லாத நாட்டுக்குள் சிவன் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டார். நம்ம குமாஸ்தாதான் போகவில்லை.

சவன்னகேத்: வேலை யாருக்குக் கிடைத்தது

பாக்சேயிலிருந்து வடக்கே பேருந்தில் அரைநாள். சவன்னகேத் என்றால் சுவர்ண க்ஷேத்திரம், பொன் நிலம். அக்கரையில் தாய்லாந்தின் முக்தாஹான் தெரிகிறது. நடுச்சதுக்கத்தில் புனித தெரேசா ஆலயம், சுற்றிலும் ஓடு சரிந்த பிரெஞ்சுக் காலத்து மாடி வீடுகள். புதுச்சேரியில் வளர்ந்தவனுக்கு அந்த ஜன்னல் பலகைகளைப் பார்த்தால் ஒரு நிமிஷம் வீட்டு ஞாபகம் வரும்.

இங்கேதான் நம்ம கேள்விக்கான இரண்டாவது விடை. 1940 வாக்கில் லாவோஸ் முழுவதிலும் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் சுமார் 600 பேர்தான். அவர்களுக்குக் கீழே அலுவலகத்தை நடத்தியவர்கள் லாவோ மக்களும் இல்லை, புதுச்சேரித் தமிழர்களும் இல்லை. வியட்நாமியர்கள். குமாஸ்தா, தந்தி ஊழியர், ஆசிரியர், போலீஸ், கடைக்காரர், கூலி என்று மலையைத் தாண்டிக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். 1943 கணக்கைப் பாருங்க. வியன்தியானில் வியட்நாமியர் 53 சதவீதம், பாக்சேயில் 62, சவன்னகேத்தில் 72, தாக்கெக்கில் 85. அதாவது லாவோஸ் நகரங்களில் லாவோக்காரர்களே சிறுபான்மை.

நவீன லாவோஸை உருவாக்கியவரே இந்தக் கதைக்குச் சாட்சி. 1975-ல் பிரதமரான கெய்சோன் போம்விஹான் 1920-ல் சவன்னகேத் பக்கம் பிறந்தவர். அவருடைய அப்பா பிரெஞ்சு நிர்வாகத்தில் வேலை பார்த்த வியட்நாமியர். 2005-லிருந்து இந்த ஊரின் அதிகாரப்பூர்வப் பெயரே கெய்சோன் போம்விஹான்.

புதுச்சேரிக்காரனுக்கு ஏன் அந்த நாற்காலி கிடைக்கவில்லை? சம்பளக் கணக்கு ஒரு பக்கம். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சாதி, மத வழக்கப்படியான தனிச்சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற நம்ம ஆட்கள், "ரெனோன்சான்" என்று பேர் வாங்கியவர்கள், பிரெஞ்சுக் குடிமகனுக்குரிய சம்பளமும் விடுப்பும் கேட்டார்கள். பொன்னுத்தம்பி பிள்ளை, நீதிமன்றத்துக்குள் ஐரோப்பியர்போலச் செருப்பணிந்து போகத் தடை வந்தபோது பாரிஸ் வரை வழக்காடிய அதே பரம்பரை. அவர் பின்னால் எடுத்துக்கொண்ட 'லப்போர்த்' என்ற பெயரில் புதுச்சேரியில் ஒரு வீதியே உண்டு. உரிமை தெரிந்தவனை வேலைக்கு வைத்தால் செலவு அதிகம். வியட்நாமிய ஊழியருக்கு அந்த உரிமை கிடையாது.

இன்னொரு பக்கம் அரசியல். கொச்சின்சீனா நேரடி காலனி. அங்கே பிரெஞ்சுக் குடிமகனுக்கு ஓட்டு இருந்தது. ரெனோன்சான் ஓட்டை நம்பி நின்ற வேட்பாளர்கள் இருந்தார்கள், அதனால் நம்ம ஆட்களுக்கு மரியாதையும் வேலையும் கிடைத்தது. லாவோஸில் அப்படி ஒரு தேர்தல் இல்லை. ஓட்டு இல்லாத ஊரில் ஆதரவாளரும் இல்லை.

சவன்னகேத்துக்குக் கிழக்கே சுமார் 30 கி.மீ. தூரத்தில் செனோ என்று ஒரு சந்திப்பு இருக்கிறது. 13-ஆம் எண், 9-ஆம் எண் சாலைகள் கூடுகிற இடம். தென், கிழக்கு, வடக்கு, மேற்கு என்ற திசைகளின் பிரெஞ்சு முதலெழுத்துகளைச் சேர்த்து வந்த பெயர். நான் அங்கே போனதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. எங்கள் தெருக்கோடி வீட்டு ஆயா ஒருவர், அவருடைய அப்பா ஒரு சொல்தா. (வெளியூர் நண்பர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரைப் புதுச்சேரியில் சொல்தா என்போம்.) "எங்கப்பா சைகோன்ல இருந்தாரு தம்பி, அங்கேருந்து அனுப்பின போட்டோ இது" என்று ஒரு படத்தைக் காட்டினார். செம்மண் தரை, தகரக் கொட்டகை, பின்னால் தென்னையும் இல்லை கடலும் இல்லை. அவரிடம் இருந்த ராணுவக் கையேட்டை, லிவ்ரே மிலித்தேரை, புரட்டியபோது 1955, 1956 பக்கங்களில் மங்கிய முத்திரை: செனோ.

"ஆயா, இது சைகோன் இல்ல, லாவோஸ்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ அவரு எழுதின கடுதாசில ஆறு, மலைன்னு இருந்துச்சே, நாங்கதான் சைகோன்ல ஏது மலைன்னு சிரிப்போம்" என்றார்.

1955-ல் ஒரு புதுச்சேரித் தமிழர் பிரெஞ்சு உடுப்பில் செனோவில் என்ன செய்துகொண்டிருந்தார்? 1954 ஜெனீவா ஒப்பந்தம் பிரெஞ்சுப் படையை இந்தோசீனாவில் ஒடுக்கினாலும், லாவோஸில் மட்டும் ஒரு விலக்கு வைத்தது. லாவோ படைக்குப் பயிற்சி கொடுக்க 1,500 பேர், இரண்டு தளங்களில் அதிகபட்சம் 3,500 பேர் இருக்கலாம். அந்தத் தளங்களில் முக்கியமானது செனோ. ஆக, சைகோன் வாசல் மூடிக்கொண்டிருந்த நேரத்தில் சில சொல்தாக்களுக்கு லாவோஸ் வாசல் திறந்திருந்தது. இன்று செனோவில் நிற்பது லாரிகளும் வறுத்த கோழிக் கடைகளும்தான். அந்த நிலத்தின் செம்மண் நிறம் மட்டும் படத்தில் பார்த்த கறுப்பு வெள்ளைக்கு ஒத்துப்போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

தாக்கெக்: காலியான ஊர்

சவன்னகேத்திலிருந்து வடக்கே இரண்டு மூன்று மணி நேரம். சுண்ணாம்புப் பாறை மலைகள் ஊருக்குப் பின்னால் சுவர்போல எழும்புகின்றன. வியட்நாம் கடற்கரைக்கு லாவோஸிலிருந்து மிகக் குறுகிய தூரம் இந்தப் பக்கம்தான். அதனால் தன் ஆப் என்ற இடத்திலிருந்து தாக்கெக் வரை ரயில் போட வேலை தொடங்கினார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் அது நின்றுபோனது. அந்த ரயில் ஓடியிருந்தால் லாவோஸுக்கு ஒரு துறைமுகம் கிடைத்திருக்கும், துறைமுகத்தோடு நம்ம ஆட்களும் வந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

தாக்கெக்கின் பெரிய துயரம் 1946 மார்ச் 21. ஜப்பான் சரணடைந்த பிறகு லாவோ இஸ்ஸரா என்ற விடுதலை அரசு நடந்துகொண்டிருந்தது. திரும்பி வந்த பிரெஞ்சுப் படை தாக்கெக்கைக் குண்டுவீசித் தாக்கியது. தப்பிக்க ஆற்றில் இறங்கிய படகுகளை விமானங்கள் சுட்டன. வியட்நாமியரும் லாவோக்காரர்களும் பெரும் எண்ணிக்கையில் இறந்தார்கள். இளவரசர் சுபானுவோங் காயத்தோடு அக்கரை போய்ச் சேர்ந்தார். ஊரில் 85 சதவீதமாக இருந்த வியட்நாமியரில் ஏராளமானோர் தாய்லாந்துக்குப் போய்விட்டார்கள்.

ஒரு அரசு தன் வசதிக்காக ஒரு கூட்டத்தை இன்னொரு நாட்டில் நட்டுவைத்தால், அரசு ஆட்டம் கண்டதும் முதல் அடி அந்தக் கூட்டத்துக்குத்தான். சைகோன் தமிழர்களுக்கும் அதே பாடம் வேறு வேகத்தில் நடந்தது. தாக்கெக் ஆற்றங்கரையில் இன்று பூட்டிக் கிடக்கும் கடைவீடுகளைப் பார்க்கும்போது, நம்ம ஆட்கள் இங்கே வராமல் போனது ஒரு வகையில் தப்பித்ததுதான் என்று தோன்றியது.

வியன்தியான்: பள்ளிவாசலில் தமிழ்

வியங் சந்த் என்றால் சந்தன மதில்நகர். நிலவின் நகர் என்று சொல்பவர்களும் உண்டு. 1828-ல் சாவ் அனுவின் கிளர்ச்சிக்குப் பழிவாங்க சயாம் படை இந்த ஊரைத் தரைமட்டமாக்கி, மக்களை ஆற்றுக்கு அக்கரை கொண்டுபோனது. அதன் பலன், இன்று லாவோஸில் இருப்பதைவிட அதிக லாவோ மொழிக்காரர்கள் தாய்லாந்தின் வடகிழக்கில் இருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது இது காடு மூடிய ஊர். தப்பிப் பிழைத்த சீசகேத் கோயிலும், பிரெஞ்சுக்காரர்கள் 1930களில் மறுபடி கட்டிய தாட் லுவாங் தூபியும்தான் பழைய நகரத்தின் முகம்.

பாத்துசாய் என்ற வெற்றி வளைவைப் பற்றி ஒரு வரி. 1957-ல் தொடங்கி 1968-ல் முடித்தது. விமான ஓடுபாதைக்காக அமெரிக்கா கொடுத்த சிமென்டில் கட்டியதால் ஊர்க்காரர்கள் அதைச் 'செங்குத்து ஓடுபாதை' என்று கிண்டல் செய்வார்கள்.

நான் தேடிப் போனது நடு ஊரில், நாம் பூ நீரூற்றுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் ஜாமியா பள்ளிவாசல். உள்ளே அறிவிப்புகள் ஐந்து மொழிகளில்: அரபு, தமிழ், லாவோ, உருது, ஆங்கிலம். கடலே இல்லாத நாட்டின் தலைநகரில் தமிழ் எழுத்து. சோழமண்டலக் கரையிலிருந்து துணி மூட்டையோடு கிளம்பிய தமிழ் முஸ்லிம்கள் சைகோனில் கடை வைத்து, பள்ளிவாசல் எழுப்பி, மெல்ல மேலே ஏறியதன் தடம் இது. அரசாங்கக் குமாஸ்தா போகாத இடத்துக்கு வணிகர் போயிருக்கிறார். அவருக்கு ஓட்டும் வேண்டாம், சம்பள விகிதமும் வேண்டாம். வாங்க ஆள் இருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வந்த ஒரு பெரியவர் நான் தமிழ்ப் பலகையைப் படிப்பதைப் பார்த்துவிட்டு, "எந்த ஊரு தம்பி?" என்றார். "புதுச்சேரிங்க பாய், உழவர்கரை." "வில்லியனூர் போற வழிதானே?" என்றார். அதற்கு மேல் விசாரித்து அவரைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

1975 டிசம்பர் 2-ல் முடியாட்சி முடிந்து மக்கள் ஜனநாயகக் குடியரசு வந்தது. தனியார் வணிகத்துக்கு இடமில்லை என்றதும் கடைக்காரர்கள் பலர் கிளம்பிவிட்டார்கள். மொத்த மக்களில் பத்தில் ஒருவர் நாட்டைவிட்டுப் போனார் என்பார்கள். தங்கியவர்கள் மிகச் சிலர். அந்தப் பலகையில் தமிழ் இன்னும் இருப்பதே பெரிய விஷயம்.

லுவாங் பிரபாங்: கதை மட்டும் ஏறிய ஊர்

இந்த ஊருக்குப் போகப் பழைய சிரமம் இப்போது இல்லை. 2021 டிசம்பரில் சீனா கட்டிய ரயில் ஓடத் தொடங்கியது. வியன்தியானிலிருந்து சீன எல்லையில் உள்ள போத்தென் வரை 414 கி.மீ. லுவாங் பிரபாங்குக்கு சுமார் இரண்டு மணி நேரம். பிரெஞ்சுக்காரர்கள் அரை நூற்றாண்டில் போட்டது 7 கி.மீ. என்பதை நினைத்துக்கொண்டே சுரங்கப்பாதைகளை எண்ணினேன், பாதியில் விட்டுவிட்டேன்.

மீகாங்கும் நாம் கானும் சேர்கிற நாக்குப் போன்ற நிலத்தில் அரண்மனையும் கோயில்களும். 1995-லிருந்து உலக மரபு நகரம். வியட்நாமியர் பெரும்பான்மை ஆகாத ஒரே பெரிய ஊர் இது. மன்னரை வைத்தே பிரான்ஸ் ஆண்டதால் இங்கே பழைய சமூகம் கலையவில்லை. நாம் கான் ஆற்றங்கரையில் ஆன்றி மூஓவின் கல்லறை இருக்கிறது. அங்கோர்வாட்டை ஐரோப்பாவில் பிரபலமாக்கிய அவர் 1861-ல் காய்ச்சலில் இங்கே இறந்தார்.

அரண்மனை அரங்கில் ராமாயணம் ஆடுகிறார்கள். லாவோ வடிவத்துக்குப் பெயர் 'பிர லக் பிர லாம்'. லட்சுமணன் பெயர்தான் முதலில் வரும். கதையே மீகாங் கரை ஊர்களில் நடக்கிறது. ராமன் இந்த அருவிகளைப் படகில் தாண்டினானா, நடந்து தாண்டினானா என்று யாரும் கேட்கவில்லை. கதைக்கு அருவி தடையில்லை.

லாவோஸ் நமக்குச் செய்தது

இதுவரை நாம் லாவோஸுக்குப் போகாத கதை. லாவோஸ் நம்மிடம் வந்த கதை ஒன்று உண்டு.

1953 வசந்தத்தில் வியட் மின் படை லாவோஸுக்குள் நுழைந்து லுவாங் பிரபாங்கை நெருங்கிவிட்டுத் திரும்பியது. அந்த அக்டோபர் 22-ல் லாவோஸோடு ஒப்பந்தம் போட்ட பிரான்ஸ், அதன் சுதந்திரத்தை ஏற்றது, கூடவே பாதுகாப்புப் பொறுப்பையும் ஏற்றது. அடுத்த மாதம் 20-ஆம் தேதி பாரசூட் படை தியன் பியன் பூவில் இறங்கியது. லாவோஸ் எல்லைக்குப் பக்கத்திலுள்ள அந்தப் பள்ளத்தாக்கைப் பிடித்தால் லுவாங் பிரபாங் போகும் வழியை அடைக்கலாம் என்பது முக்கியமான ஒரு கணக்கு. 1954 மே 7-ல் அந்தக் கோட்டை விழுந்தது. பாரிஸில் அரசு கவிழ்ந்து, ஜூனில் மந்தேஸ் பிரான்ஸ் பிரதமரானார். ஜூலையில் ஜெனீவா உடன்பாடு. அதே பிரதமரின் அரசுதான் புதுச்சேரி விஷயத்தையும் முடித்தது. அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது.

புதுச்சேரி விடுதலைக்கு லாவோஸ்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இங்கே சுப்பையா தலைமையில் நடந்த தொழிலாளர் போராட்டங்கள், 1954 மார்ச்சில் குபேர் இணைப்புப் பக்கம் சாய்ந்தது, இந்தியாவின் நெருக்கடி எல்லாம் இருந்தன. ஆனால் பிரான்ஸ் பிடிவாதத்தைத் தளர்த்திய அந்த வருடத்தின் முடிச்சு, லாவோஸ் போகும் ஒரு மலைப்பாதையில் விழுந்தது.

இன்னொரு விசித்திரம். ஜெனீவா உடன்பாட்டைக் கண்காணிக்க அமைத்த சர்வதேச ஆணையத்துக்கு இந்தியா தலைமை. கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். 1954 ஆகஸ்டில் இந்திய அதிகாரிகளும் ராணுவத்தினரும் வியன்தியானில் இறங்கினார்கள். ஆக, ஒரே நேரத்தில் ஒரே சின்ன நாட்டில், இந்தியச் சீருடையில் நடுவராக ஒரு தமிழரும் பிரெஞ்சுச் சீருடையில் செனோவில் ஒரு புதுச்சேரித் தமிழரும் இருந்திருக்க முடியும்.

இது வெறும் சுவாரசியம் அல்ல. 1962 ஆகஸ்ட் 16-ல் இணைப்பு சட்டப்படி நிறைவேறியபோது, ஒருவர் பிரெஞ்சுக் குடிமகனா இந்தியக் குடிமகனா என்பதை அவர் அன்று எங்கே குடியிருந்தார் என்பது தீர்மானித்தது. புதுச்சேரியில் பிறந்து இங்கேயே இருந்தவர் இந்தியர் ஆனார். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே பிறந்து இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை தொடர்ந்தது. ஒரே வீட்டு அண்ணன் தம்பி இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனது இப்படித்தான். பேரப்பிள்ளைகள் இன்றும் குடியுரிமைச் சான்றுக்கு அலைகிறார்கள். அவர்களிடம் "தாத்தா சைகோன்ல இருந்தாரு" என்ற வாய்ச்சொல் மட்டும் இருந்தால் எந்தக் கோப்பும் அகப்படாது.

அதனால் வீட்டில் பழைய பெட்டி இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லிவ்ரேயில் 'எக்ஸ்திரேம் ஓரியான்' என்று மட்டும் இருந்தால் அதோடு நிறுத்தாதீங்க. அது தூரக்கிழக்கு முழுவதற்கும் பொதுப்பெயர். ஒவ்வொரு முத்திரையையும் பாருங்க. செனோ, சவன்னகேத், தாக்கெக், பாக்சே, வியன்தியான், சியங் குவாங், லுவாங் பிரபாங் என்று ஏதாவது ஊர்ப்பெயர் இருக்கிறதா? 'எஃப்.டி.எல்.' என்ற மூன்றெழுத்து இருந்தால் அது லாவோஸ் தரைப்படையைக் குறிக்கும். பிறந்த ஊர் 'ஊல்கரே' என்று பிரெஞ்சில் இருந்தால் அது நம்ம உழவர்கரைதான். ராணுவத்தினரின் தனிக்கோப்புகள் பிரான்சின் போ நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சிவில் வேலையில் இருந்தவர்களின் காலனிய ஆவணங்களுக்கு எக்ஸ் அன் ப்ரொவான்ஸ். இரண்டுக்கும் கடிதம் எழுதிக் கேட்கலாம். பெயர், பிறந்த தேதி, பிறந்த கம்யூன் மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.

பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன்னால், ஒரு தடவை அந்த முத்திரைகளைப் படித்துவிடுங்க.